சம்பாக் இல்லாத தோட்டம்

செம்மண் டிவிஷனில் தட்டம்மை கிடையாது. இதை வட்டாரம் அறிவித்து, மாநிலம் வழிமொழிந்து, வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் அம்மையார் கைதட்டி ஏற்றுக்கொண்டிருந்தார். தோட்டத்து நுழைவாயிலில் பலகையும் நட்டாகிவிட்டது. மனோகரனின் மகள் யோகேஸ்வரிக்கு மட்டும் செய்தி எட்டவில்லை. அவளுக்கு இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. பலகை படிக்கத் தெரியாது. காய்ச்சலில் கிடந்தவளுக்குக் காதின் பின்னால் தொடங்கிய சிவப்புப் புள்ளிகள் நெஞ்சுக்கு இறங்கிக்கொண்டிருந்தன.

அந்தப் பலகையை மேடையேறிக் கைநீட்டி வாங்கி வந்ததே மனோகரன்தான். அது எதற்காகக் கிடைத்தது என்பதில் மட்டும் அவனுக்கும் கொடுத்தவர்களுக்கும் சின்னக் கருத்து வேறுபாடு இருந்தது. இரண்டு தரப்புக்குமே அது தெரியாது.

பலகையில் 'சிஃபார் சம்பாக்' என்று எழுதியிருந்தது. சிஃபார் என்றால் பூச்சியம். சம்பாக் என்றால் மலாய் மொழியில் தட்டம்மை. அதே சொல்லுக்கு வீசுவது, எறிவது என்றும் பொருள் உண்டு. செம்மண் டிவிஷனில் முதல் பொருளுக்கு வேலை இருந்ததில்லை. அம்மைக்கு அம்மை என்றே பேர். இரண்டாவது பொருள்தான் விடிந்ததிலிருந்து உழைத்துக்கொண்டிருந்தது. எண்ணெய்க்காக வெட்டிய செம்பனைக் குலையை லாரியில் ஏற்றும்போதெல்லாம் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் முனியாண்டி, "சம்பாக் பண்ணு! சம்பாக் பண்ணுடா!" என்றுதான் கத்துவார். போதாததற்குக் குப்பைக்கு மலாயில் 'சம்பா' என்று பேர். ஓட்டை ஒலிபெருக்கியில் இந்த இரண்டையும் பிரித்துக் கேட்க மலாய்க்காரரே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

ஒலிபெருக்கி கட்டிய கார் ஒரு மாலை தொழிலாளர்களின் லைன் வீடுகளைச் சுற்றி வந்தது. "சிஃபார் சம்பாக்! சிஃபார் சம்பாக்! அடுத்த செவ்வாய் உங்கள் இடத்துக்கே வருகிறோம்!" என்று கத்திவிட்டு, ஒரு பேனரைக் கட்டிவிட்டுப் போனது. அனுப்பியது அம்மை அகற்று மன்றம். அந்த மன்றத்துக்குத் தலைவர், துணைத் தலைவர்கள், ஒருங்கிணைப்பாளர், துணை ஒருங்கிணைப்பாளர்கள், படம் பிடிப்பவர், ஒரு ஐஸ் பெட்டி ஆகியவை இருந்தன. ஊசி மருந்து வைக்கும் ஐஸ் பெட்டிதான் ஒன்றே ஒன்று. பேனரில் மன்றத்தார் எல்லாருடைய முகமும் இருந்தது. மூலையில் ஒரு குழந்தை சிரித்தது. ஊசிக்கு இடம் போதவில்லை.

முனியாண்டி அன்றே ஆட்களைக் கூட்டினார்.

"சுகாதார ஆளுங்க வர்றாங்க. வெள்ளக்காரம்மா ஒண்ணும் வருதாம். சிஃபார் சம்பாக்னா என்னா? வீசுறது சைபர். ஒரு பிளாஸ்டிக் பை கண்ணுல பட்டுச்சு, வீட்டுக்கு வீடு கொம்பாவுன்தான். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

கொம்பாவுன் என்றால் அபராதம். வீட்டுக்குப் பின்னால் கிடந்த டயரில் கொசு முட்டையிட்டதற்காக முன்பு ஒருமுறை வாங்கியிருக்கிறார்கள். சுகாதார ஆட்கள் தோட்டத்துக்கு வருவதே அதற்குத்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பிள்ளைக்கு ஊசி போட யாராவது தேடிக்கொண்டு வருவார்கள் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றாததில் வியப்பில்லை. தோட்டம் கைமாறியபோது மருந்தகத்தைப் பூட்டினார்கள். பிறகு ஊசி வேண்டுமென்றால் டவுனுக்குப் போக வேண்டும். போனால் அன்றைய சம்பளம் போகும். போய்ச் சேர்ந்தால், "இன்னிக்கு ஊசி நாள் இல்ல, புதன்கிழமை வா" என்பார்கள். யோகேஸ்வரிக்குப் பிறந்த ஆஸ்பத்திரியில் போட்டதோடு சரி. மற்றப் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய அதே கதி.

கைக்குழந்தையோடு நின்ற ஜேன் பேனரைக் காட்டிக் கேட்டாள். "மண்டோரே, குப்பைக்கு எதுக்குப் பிள்ளை படம் போட்டிருக்கான்?"

"பிள்ளைங்கதானே வீசுது! மிட்டாய்த் தாளை வீசுறது யாரு, நானா?"

முனியாண்டியின் தர்க்கம் எப்போதுமே இப்படித்தான், ஓட்டை இருக்காது.

"செவ்வாக்கெழம ஒரு சின்னது லைன்ல இருக்கக் கூடாது. மனோகரா, நீ பொறுப்பு."

மனோகரன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவனல்ல. குலை வெட்டும் கையோடு குப்பையையும் வெட்டினான். செம்மண்ணில் பெரிய குழி தோண்டி, தோட்டத்துக் குப்பை மொத்தத்தையும் அதில் போட்டு எரித்தான். செவ்வாய்க்கிழமை காலை தாய்மாரையும் குழந்தைகளையும் லாரியில் ஏற்றிப் பக்கத்து டிவிஷன் கோயில் மண்டபத்துக்கு அனுப்பினான். போக மாட்டேன் என்று அழுத யோகேஸ்வரியைத் தானே தூக்கி நளினியின் மடியில் வைத்தான்.

"ஏங்க, இவளுக்கு ஒண்ணும் வீசத் தெரியாதே," என்றாள் நளினி.

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா."

மன்றத்தார் வந்தார்கள். முன்னால் ஒருங்கிணைப்பாளர் திவாகரன், சுங்கைப் பட்டாணி டவுன்காரர், சட்டைப் பையில் மூன்று பேனா. அவருக்குப் பின்னால் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மிஸி ரமணி. தோட்டத்தில் தாதியரை மிஸி என்பார்கள். வெளிநாட்டு அம்மையார் காரிலேயே இருந்தார், வெளியே வெயில்.

திவாகரன் கேட்டார். "எப்படிண்ணே, இங்க சம்பாக் இருக்கா?"

"ஒண்ணுகூட இல்ல சார். எல்லாம் முடிச்சாச்சு."

"முடிச்சாச்சா? யாரு?"

"நாங்களே சார். வீடு வீடாப் போய்ப் பார்த்தோம்."

"சின்னப் பிள்ளைங்களுக்கு?"

"அதுங்கதானே சார் முக்கியம்! அதுங்கள முதல்லயே முடிச்சிட்டோம்."

திவாகரன் படம் பிடிப்பவரை அழைத்து, மனோகரனின் தோளில் கை போட்டுக்கொண்டார். "பார்த்தீங்களா? மக்களே முன்வந்து செஞ்சிருக்காங்க. இதைத்தான் நான் ஒவ்வொரு கூட்டத்துலயும் சொல்லிட்டு வர்றேன்."

மிஸி ரமணி பெட்டியை இறக்கி வைத்தாள். "சார், பிள்ளைங்கள ஒரு பார்வை பார்த்துட்டுப் போயிடலாமே?"

"பிள்ளைங்க எங்கண்ணே?"

"எல்லாரும் கோயில்ல சார்."

"கோயில்ல! எவ்வளவு ஆரோக்கியமான பிள்ளைங்க! மிஸி, நம்ம வேலைக்கு அஸ்திவாரமே நம்பிக்கைதான். பெட்டியை நீங்க திறந்தா இவங்களைச் சந்தேகப்படுற மாதிரி ஆயிடும். திறக்காத பெட்டிதான் உண்மையான வெற்றி."

பெட்டி திறக்கப்படாமலே காருக்குத் திரும்பியது. பாதி வழியில் அம்மையாருக்குத் தாகமெடுத்தபோது ஒருமுறை திறந்தார்கள். இளநீர் அதில்தான் இருந்தது.

விருது விழா சுங்கைப் பட்டாணியில், குளிரூட்டிய மண்டபத்தில் நடந்தது. மனோகரன் கல்யாணத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். முனியாண்டி உடன் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து, பின்னால் போகச் சொன்னதும் பின்னால் போனார்.

அம்மையார் பேசினார். உலகம் எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றிவிட்டதாகவும், மிச்சமிருக்கும் குழந்தைகள் சாலை முடிகிற இடங்களில் இருப்பதாகவும், அந்தக் கடைசி மைலுக்கு நாம் போயே தீரவேண்டும் என்றும் சொன்னார். அவர் சொன்னது எல்லாம் சரி. அந்த மைலைக் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தும் இருந்தார். திவாகரன் மொழிபெயர்க்கும்போது, மைலைத் தோட்டத்தார் கட்டை என்றுதான் சொல்வார்கள் என்ற நினைப்பில், "அம்மா நம்மைக் கடைசிக் கட்டைக்கு அனுப்பாமல் ஓயமாட்டார்" என்றார். முனியாண்டி பயந்து எழுந்து நின்றார்.

டத்தோ பட்டம் பெற்ற மன்றத் தலைவர் பேசினார்.

"உலகத்தில் சில இடங்களில் பணக்காரன் பிள்ளைக்கு ஊசி உண்டு, ஏழை பிள்ளைக்கு இல்லை. வெட்கக்கேடு! இந்த ஏற்றத்தாழ்வை நம் மன்றம் ஒருபோதும் ஏற்காது. செம்மண் டிவிஷனில் வீட்டுக்கு வீடு எந்த வித்தியாசமும் கிடையாது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன்." அதுவும் உண்மைதான். "என் பேரப்பிள்ளைகளுக்குக்கூடத் தனியார் மருத்துவமனையில்தான் ஊசி போட்டோம். ஏன்? ஏழைகளின் வரிசையில் நாங்கள் இடம் பிடிக்கக் கூடாது!"

மண்டபம் கைதட்டியது. பிறகு மனோகரனை மைக்கின் முன் நிறுத்தினார்கள். நடந்ததைச் சொன்னால் போதும் என்று திவாகரன் காதில் சொன்னார்.

"முன்ன நாங்க கண்ட இடத்துல சம்பாக் பண்ணிக்கிட்டு இருந்தோம். அது தப்புன்னு எங்களுக்கே தெரியாது. எங்க அப்பன் பாட்டன் காலத்துல இருந்து அப்படித்தான். இப்ப ஒரு குழி வெட்டி எல்லாத்தையும் போட்டு எரிச்சிட்டோம். இனிமே தோட்டத்துல ஒண்ணுகூட வராது. வந்தா என்னைக் கேளுங்க."

"தலைமுறை தலைமுறையாய் வாட்டிய நோயைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டோம் என்கிறார்!" என்று மொழிபெயர்த்தார் திவாகரன். அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனோகரனுக்கும் அழுகை வந்தது. குப்பை கூட்டியதற்கு யாரும் அவனை இவ்வளவு மதித்ததில்லை.

இவ்வளவுக்கும் பிறகுதான் யோகேஸ்வரிக்குக் காய்ச்சல் வந்தது.

நளினி மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து குழந்தையைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலை அடைவதற்குள் குழந்தையின் மூச்சு விசிலடிக்கத் தொடங்கியது. முகப்பில் இருந்தவர் ஊர் கேட்டார். செம்மண் டிவிஷன் என்றதும் கணினியைத் தட்டினார். திரும்பவும் தட்டினார்.

"அந்த இடத்துக்குச் சம்பாக் போட விடமாட்டேங்குது. பூட்டியிருக்கு. வெயில் கொப்புளம் போடலாம், சாப்பாட்டு அலர்ஜி போடலாம். எது வேணும்?"

"பிள்ளைக்கு மூச்சு வரணும்," என்றாள் நளினி.

வார்டில் இருந்த இளம் டாக்டர் கணினியைப் பார்க்கவில்லை, குழந்தையைப் பார்த்தார். உடனே பிராணவாயுக் குழாயை மாட்டினார். மனோகரனிடம் தமிழில் சொன்னார்: "அம்மை. நுரையீரலுக்கு இறங்கியிருக்கு. ஊசி போட்டீங்களா?"

"இல்லைங்க."

"தோட்டத்துல வேற சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?"

"நிறைய இருக்குங்க. பக்கத்து வீட்டுல கைக்குழந்தை ஒண்ணு."

"அப்ப இன்னிக்கோ நாளைக்கோ அதுங்களுக்குப் போட்டாகணும். உங்க இடத்துக்கு மன்றத்து ஆளுங்கதான் பொறுப்பு. கூப்பிடுறேன்."

திவாகரன், இரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே வந்துவிட்டார். அவசரம் என்றால் மன்றம் எவ்வளவு வேகமாக இயங்கும் என்பதற்கு அதுவே சான்று.

"டாக்டர், இது சம்பாக்கா இருக்க முடியாது. அங்க சிஃபார்."

"பார்த்தாலே தெரியுது சார்."

"தெரியுறது வேற, பதிவாகுறது வேற."

டாக்டர் குழந்தையிடம் போய்விட்டார். மனோகரன் இருவர் பேச்சையும் கேட்டுக்கொண்டு நின்றான். மெதுவாகக் கேட்டான்.

"சார், சம்பாக்னா வீசுறதுதானே?"

"எதை வீசுறது?"

"குப்பைய."

திவாகரன் அவனைப் பார்த்தார். அவரது முகத்தில் செவ்வாய்க்கிழமை முழுவதும் ஒருமுறை ஓடியது: குழி, எரித்தது, கோயிலுக்குப் போன பிள்ளைகள், திறக்காத பெட்டி. மனோகரனின் முகத்திலும் அதுவே ஓடியது. ஆனால் அவனுக்குக் கடைசியில் வந்து நின்றது வேறு படம். போகமாட்டேன் என்று அழுத பிள்ளையைத் தூக்கி லாரியில் வைத்தது. ஊசி வாசலுக்கு வந்த நாளில் அவன்தான் அவளை அனுப்பி வைத்தான். எங்காவது ஓடி ஒளிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆஸ்பத்திரி நடைபாதையில் அதற்கும் இடமில்லை. சுவர் நெடுகிலும் பேனர்களில் மன்றத்தார் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதை வெளியில சொல்லாதீங்க," என்றார் திவாகரன். "உங்களுக்குத்தான் அவமானம்."

"அவமானம் கெடக்கட்டும் சார். பெட்டியக் கொண்டாங்க. மிச்சப் பிள்ளைங்களுக்குப் போட்டுடுங்க."

"அங்கதான் சிக்கல். அம்மை இருந்தாத்தான் பெட்டி வரும். சிஃபார் இடத்துல அம்மை இருக்க முடியாது. அடுத்த வருஷம் சிஃபாரோட ஆண்டு விழாவுக்கு வேணும்னா அழகா கொண்டு வரலாம்."

"ஜேன் பிள்ளைக்கு நாலு மாசம்கூட ஆகல சார்..."

"அவ்வளவு சின்னதுக்குப் போட மாட்டாங்க. அதைச் சுத்தி இருக்கிறதுங்களுக்குப் போட்டாத்தான் அது தப்பும்." இதைச் சொல்லும்போது திவாகரனுக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்திருந்தது. கொஞ்சம் யோசித்தார். குரல் இளகியது. மறுபடி அண்ணே என்று அழைக்கத் தொடங்கினார். "அண்ணே, உங்களுக்குப் பாலிங் பக்கம் சொந்தக்காரங்க இருக்காங்களா?"

"தங்கச்சி இருக்கு. நவமணி. ரப்பர் மரத்துல பால் வெட்டுது."

"அருமை! அப்பப் பிள்ளை பாலிங்குக்குப் போயிட்டு வந்துச்சு. அம்மை அங்க தொத்துச்சு. பாலிங்குக்கு வேற ஒருங்கிணைப்பாளர். என் சிஃபாருக்கு ஒண்ணும் ஆகாது. பாலிங்ல இருந்து வர்ற அம்மைக்கு எதிரா செம்மண் டிவிஷனைப் பாதுகாக்கணும்னு நாளைக்கே பெட்டிய அனுப்பிடலாம்."

"நாங்க அங்க போயி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு சார். இவ பிறக்கவே இல்ல அப்ப."

"பாலிங்னா மலாய்ல என்னா அர்த்தம், தெரியும்ல?"

தெரியும். அதற்கும் வீசுவது என்றுதான் அர்த்தம்.

"பேரிலேயே இருக்கேண்ணே. அங்க வீசிட வேண்டியதுதான்."

கண்ணாடிக்கு அப்பால் யோகேஸ்வரியின் விலா எலும்புகள் ஏறி இறங்கின. நளினி அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜேன் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முந்தாநாள் வந்து யோகேஸ்வரியைக் கொஞ்சிவிட்டுப் போனதை மனோகரன் நினைத்தான்.

திவாகரன் கைப்பேசியை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். "ஒரு வார்த்தை போதும். வீடியோவுக்கு."

"பாலிங்ல இருந்துதான் வந்துச்சு. எங்க தங்கச்சி வீட்டுல இருந்து," என்றான் மனோகரன்.

"கொஞ்சம் சிரிச்ச மாதிரி?"

மறுநாள் பெட்டி வந்தது. இந்த முறை இளநீர் இல்லை. மிஸி ரமணி ஒவ்வொரு பிள்ளையாக மடியில் வாங்கி ஊசி போட்டாள். லைன் முழுதும் அழுகுரலாக இருந்தது. அன்றைக்கு ஒருவர்கூடப் பிள்ளையைக் கோயிலுக்கு அனுப்பவில்லை. முனியாண்டி சுத்தமாகக் கூட்டிய வாசலில் நின்று, யார் முகத்தையும் பார்க்காமல், "அழாதடா, அழாதடா" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊசி போட்ட இடத்தை அழுத்திய பஞ்சுகள் மண்ணில் கிடந்தன. யாரும் அவற்றைக் கூட்டவில்லை.

யோகேஸ்வரிக்கு மூச்சு திரும்பியது. காது ஒன்று கேட்குமா என்பதைப் பிறகுதான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். இடது பக்கம் நின்று மனோகரன் கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. அசதியாக இருக்கும் என்று நளினி சொன்னாள். மறுபடி மறுபடி சொன்னாள்.

நவமணியிடமிருந்து அழைப்பு வந்தபோது அவன் கட்டிலுக்கு இடது பக்கம்தான் நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, பிள்ளைக்கு எப்படி இருக்கு?"

"பரவால்ல. மூச்சு நல்லா வருது."

"நல்லவேளை. அண்ணே, இங்க ஒரே கூத்து. கார்ல லவுட்ஸ்பீக்கர் கட்டிட்டு வந்து கத்துறான், சம்பாக் சம்பாக்னு. எங்க வீட்டைக் கைகாட்டி என்னமோ எழுதிட்டுப் போனான். எங்க வீட்டுல இருந்து சம்பாக் பண்ணினது உன் வீட்டுல வந்து விழுந்துச்சாம். ஏண்ணே, பாலிங்ல வீசுற குப்பை உங்க புக்கிட் செலம்பாவ்ல எப்படிண்ணே விழும்? அவ்வளவு தூரத்துக்கு யாரு வீசுவா?" நவமணி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "இங்க ஒரு சனமும் எங்ககூடப் பேசமாட்டேங்குது. நீதான் அப்படிச் சொன்னேன்னு வேற சொல்றாங்க."

மனோகரன் யோகேஸ்வரியின் போர்வையை இழுத்துவிட்டான்.

"நான் நம்பலண்ணே. அது கெடக்குது, வேற ஒண்ணு கேக்கணும். நாங்க எல்லாத்தையும் கூட்டி எரிச்சிட்டோம். நாளைக்கு ஆளுங்க வரும்போது சின்னதுங்களை எங்க அனுப்பி வைக்கிறது? நீங்க எங்க அனுப்புனீங்க?"

"எங்கயும் அனுப்பாத." அவன் குரல் வார்டில் பெரிதாகக் கேட்டது. "நவமணி, நல்லாக் கேளு. பிள்ளைங்கள வீட்டுலயே வச்சிரு. வாசல்ல நிக்க வை. ஒரு ஐஸ் பெட்டி வரும். அதைத் திறக்கச் சொல்லு. திறக்கலன்னா காரை விடாத, முன்னால போய் நில்லு. அது குப்பை இல்ல. அம்மை."

"அம்மையா?" நவமணி மிக மெதுவாகக் கேட்டாள். "அப்ப எங்க வீட்டுல இருந்து உன் பிள்ளைக்கு அம்மை வந்துச்சுன்னா சொல்லிட்டுப் போறாங்க? நாங்க அவளைப் பார்த்ததுகூட இல்லையேண்ணே."

"ம்."

"நீயாண்ணே சொன்ன?"

நளினி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். யோகேஸ்வரி வலது பக்கமாகத் திரும்பிப் படுத்து, கேட்கிற காதைத் தலையணையில் புதைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் கேட்காது என்பது மனோகரனுக்கு அப்போது உதவியாக இருந்தது.

"நான்தான் சொன்னேன்," என்றான்.

நவமணி வைக்கவில்லை. அவளுக்குப் பின்னால் தெருவில் கார் திரும்பிவரும் சத்தம் மட்டும் கேட்டது.

"சிஃபார் சம்பாக்! சிஃபார் சம்பாக்!"